சர்க்கார் நாற்காலியும் சமயச் சின்னமும்

சென்ற திங்கள் ஒரு நாள், நம் லிங்கராஜபுரத்து மூதாட்டி ஒருவருக்குத் துணையாக அரசாங்க அலுவலகம் ஒன்றிற்குச் செல்ல நேர்ந்தது. கணவர் காலமாகி ஓராண்டு கழிந்தும் விதவை உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பம் செய்திருக்கவில்லை. கன்னடத்தில் அச்சிட்ட படிவம், ஆதார் அட்டையின் நகல், இறப்புச் சான்று ஆகியவற்றை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு, காலை ஒன்பதரை மணிக்கே வந்து நம் வாயிலில் நின்றுவிட்டார்.

அலுவலகத்தில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் நெற்றி நிறையத் திருநீறு தரித்த நடுத்தர வயதினர் ஒருவர் அமர்ந்திருந்தார். மற்றொன்றில், தலையைத் துணியால் மூடிய இளம்பெண் ஒருவர். முன்னவரிடம் பதினைந்து பேர் நின்றனர். பின்னவரிடம் ஐந்தாறு பேரே இருந்தனர். நாம் குறுகிய வரிசையை நோக்கி நடந்தோம். மூதாட்டியார் நம் கையைப் பற்றி இழுத்து, "தம்பி, அந்தப் பக்கம் வேணாம். இவரு திருநீறு வெச்சிருக்காரு. நம்ம கஷ்டம் இவருக்குத் தெரியும்" என்றார். மறுத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். நமக்குப் பின்னால் வந்த தாடி வைத்த பெரியவர் ஒருவர், இரு சன்னல்களையும் ஒருமுறை நோக்கிவிட்டு, அந்தப் பெண் இருந்த பக்கமே போனார். வரிசை குறுகியது என்று போனாரோ, தலைத்துணியைக் கண்டு போனாரோ, நாம் அறியோம். மூதாட்டியார் மட்டும், "பாத்தியா?" என்பது போல நம்மை ஒரு பார்வை பார்த்தார்.

திருநீறு தரித்தவர் தம் வேலையை ஒழுங்காகவே செய்தார். ஒரு கையெழுத்துக் குறைகிறது என்றும், வியாழக்கிழமை வரலாம் என்றும் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். மற்றைச் சன்னலிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நிகழ்ச்சி இவ்வளவே. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே வந்தது. மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெற்று, மக்கள் அனைவர்க்கும் பொதுவாக நாற்காலியில் அமரும் ஓர் அலுவலர், தம் சமயத்தின் அடையாளத்தை உடலில் தாங்கி அமரலாமா? நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படித்து அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் இதனையே வேறு விதமாகக் கேட்டு வருகின்றனர். ஆகவே இத்திங்கள் இதனைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

நாம் வாழும் பகுதியின் இயல்பை நேயர்கள் அறிவார்கள். குக் டவுன், பிரேசர் டவுன், கம்மனஹள்ளி ஆகியவை சூழ நடுவே அமைந்த லிங்கராஜபுரத்தில், கோயில் மணியும் தேவாலயப் பாட்டும் பள்ளிவாசல் அழைப்பும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்தவர்கள், திருப்பத்தூர், தருமபுரிப் பக்கத்தார், கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபின் குடிபெயர்ந்தவர்கள் என்று, ஒரே மொழி பேசும் மூன்று சமயத்தார் நம்மிடையே உளர். எனவே இக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வியன்று.

முதலில், சின்னம் என்பது யாது? திருநீறும் நாமமும் சிலுவையும் தலைப்பாகையும் சின்னங்கள் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். பொட்டு? தாலி? இவற்றைக் கேட்டால், "அது சமயமன்று, பண்பாடு" என்று நம்மவர் விடை கூறுவர். பெரும்பான்மையோர் அணிவது பண்பாடாகிவிடுகிறது. சிறுபான்மையோர் அணிவது மட்டும் சின்னமாகக் கண்ணில் படுகிறது. நம் தெருவிலேயே பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பொட்டில்லை, வளையலில்லை, காதில் தோடுமில்லை. அவர் எந்தச் சின்னமும் அணிவதில்லை. எனினும் அவரைக் கண்ட மாத்திரத்தில் அவர் சமயம் இன்னதென்று குழந்தையும் சொல்லும். சின்னமே இல்லாத உடம்பு என்று ஒன்றை ஆணையிட்டு ஆக்கிவிட முடியாது என்பதற்கு அவருடைய வெறுங்காதுகளே சான்று.

மேலும் ஒரு விந்தை. மூதாட்டியார் கண்ட திருநீற்றை அவர் நம் ஊர்ச் சைவத் திருநீறாகவே கொண்டார். கருநாடகத்தில் அது பெரும்பாலும் வீரசைவ லிங்காயத மரபைச் சேர்ந்ததாக இருக்கும். அவ்வலுவலரின் சட்டைக்குள் இட்டலிங்கமும் இருந்திருக்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் அதே நெற்றியைக் கண்டு சாதிக் கணக்கும் தேர்தல் கணக்கும் போட்டிருப்பார். அணிபவர் ஒன்றை எண்ணி அணிய, காண்பவர் வேறொன்றைப் படிக்கிறார். சின்னம் பேசும் மொழி ஊருக்கு ஊர் மாறுகிறது.

பணியிலிருப்போர் சமயச் சின்னம் அணிவது பற்றிய வழக்கு ஏதோ மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். நம் குடும்பங்கள் பல பிறந்த வட ஆர்க்காட்டு மண்ணிலேயே, இருநூறு ஆண்டுகளுக்கு முன், இதன்பொருட்டுக் குருதி ஆறு ஓடியது. வேலூர்க் கோட்டையைப் பள்ளிச் சுற்றுலாவில் கண்டவர்கள் அகழியையும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தையும் நினைவில் வைத்திருப்பர். 1806-ஆம் ஆண்டுக் கலகத்தின் காரணத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பர் என்பது ஐயமே.

அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்தவர் சர் ஜான் கிரடாக். கவர்னர், வில்லியம் பெண்டிங்கு. படையை ஐரோப்பிய ஒழுங்கிற்குக் கொண்டுவர வேண்டும் என்று புதிய விதிகள் வகுக்கப்பட்டன. சீருடையில் நிற்கும்போது சிப்பாய் நெற்றிக்குறி இடலாகாது. காதில் கடுக்கன் அணியலாகாது. தாடியை மழித்தல் வேண்டும். மீசையைக் குறித்த அளவில் கத்தரித்தல் வேண்டும். இவற்றோடு, தோலால் ஆகிய சின்னம் பொருந்திய புதுத் தலைப்பாகை ஒன்றும் வந்தது. அது சிப்பாய்களின் கண்களுக்கு ஐரோப்பியர் அணியும் தொப்பி போலவே தோன்றியது. தம்மைக் கிறித்தவராக்கும் சூழ்ச்சி இது என்று அவர்கள் அஞ்சினர்.

விதியை வகுத்தவர்கள் ஒரு சமயத்தாரை மட்டும் குறிவைத்திலர் என்பது கருதத்தக்கது. நெற்றிக்குறி இந்துவுடையது, தாடி முசுலிமுடையது, விதி இருவரையும் ஒரே கத்தியால் மழித்தது. "எல்லார்க்கும் ஒரே விதி, இதில் பாரபட்சம் எங்கே?" என்று கிரடாக் கேட்டிருந்தால், சொல்லளவில் அது பொருத்தமான கேள்வியாகவே இருந்திருக்கும். இன்று இவ்வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு வேலூரே நினைவுக்கு வருகிறது. 1806 மே மாதத்தில் தலைப்பாகையை ஏற்க மறுத்த சிப்பாய்கள் விசாரணைக்கு உள்ளாக்கப்பட்டனர். ஓர் இந்துவுக்கும் ஒரு முசுலிமுக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. அதற்கடுத்த இரண்டு திங்களில், ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன், கோட்டைக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியப் படையினர்மீது சிப்பாய்கள் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டபோது, அதனினும் மிகுதியான சிப்பாய்கள் உயிரிழந்தனர். கோட்டையில் திப்பு சுல்தானின் மக்கள் சிறைவைக்கப்பட்டிருந்ததும் கலகத்திற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், முடிவில் கும்பெனியார் செய்தது யாது? உடை விதிகளைத் திரும்பப் பெற்றனர். கிரடாக்கையும் பெண்டிங்கையும் பதவியிலிருந்து அழைத்துக்கொண்டனர். ஊழியனின் நெற்றியில் கை வைத்தது தவறு என்பதை, வாணிகம் செய்ய வந்தவர்களே உணர்ந்துகொண்டார்கள்.

இனி நம் காலத்திற்கு வருவோம். மதுரையில் ஆயுதப்படைக் காவலர் ஒருவர், 2009-இல் பணியில் சேர்ந்தவர், தம் சமயக் கட்டளைப்படி தாடி வைத்திருந்தார். 2018-இல் 31 நாள் விடுப்பெடுத்து மக்காவிற்கு யாத்திரை சென்றார். திரும்பியபின் காலில் நோய் கண்டமையால் விடுப்பை நீட்டிக்கக் கேட்டபோது, நோயைப் பற்றிய பேச்சுத் தாடியைப் பற்றிய பேச்சாக மாறிற்று. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, மூன்றாண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று அது வளர்ந்தது. மேல்முறையீட்டில் தண்டனை ஈராண்டாகக் குறைக்கப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். 2024 ஜூலையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி அவர்கள் தண்டனையை நீக்கி, விஷயத்தை மறுபடி ஆராயுமாறு காவல் ஆணையருக்கு உத்தரவிட்டார். அவர் எடுத்துக்காட்டிய ஆதாரந்தான் நம்மை வியக்க வைத்தது. அது 1957-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் கெஜட்டு. முசுலிம் காவலர்கள் பணிக்காலத்திலும் சீராகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இடமளிக்கப்பட்டிருந்தது.

அந்த விதியின் பக்குவத்தைப் பாருங்கள். காவற்படைக்கு ஒழுங்கு வேண்டும். ஆகவே தாடி சீராக இருத்தல் வேண்டும். காவலனுக்கு மனச்சான்று உண்டு. ஆகவே தாடி இருக்கலாம். இரண்டையும் ஓரிரு வரிகளில் தீர்த்துவிட்டார்கள். 1957-இல் தீர்ந்துபோன கணக்கை அறுபது ஆண்டு கழித்து ஒரு காவலர், கால் நோயோடு, மீண்டும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. விதி புத்தகத்தில் இருந்தது; புத்தகத்தைத் திறப்பார்தாம் இல்லை.

எதிர்ப்பக்கத் தீர்ப்பு ஒன்றும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. விமானப்படை வீரர் ஒருவர் தாடி வைத்தமைக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், 2016 டிசம்பர் 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம் விமானப்படையின் பக்கமே தீர்ப்பளித்தது. முடி வெட்டுதலையோ மழித்தலையோ எவருடைய சமயம் முற்றாகத் தடுக்கிறதோ அவர்க்கு மட்டுமே படை விதியில் விலக்கு உண்டு; அதனால் சீக்கியர் தலைப்பாகையோடும் தாடியோடும் பறக்கலாம், பிறர்க்கு அது இல்லை என்பது அதன் சாரம். போர்ப்படையில் ஒருமைத் தோற்றம் வேண்டும் என்பதை நாமும் மதிக்கிறோம். அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவே படையினரின் உரிமைகளைச் சுருக்க இடமளிக்கிறது. ஆனால் தாலுகா அலுவலகத்துச் சன்னலில் அமர்ந்திருப்பவர் போர்வீரர் அல்லரே! படைக்கு வகுத்த அளவுகோலைக் கொண்டு பள்ளிக்கூடத்தையும் தபாலாபீசையும் அளப்பது முறையாகாது.

கருநாடகத்தில் 2021-இன் இறுதியில் உடுப்பி அரசு மகளிர் கல்லூரியில் தொடங்கிய ஹிஜாப் வழக்கை நேயர்கள் மறந்திரார். 2022 மார்ச் 15-இல் கருநாடக உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அரசாணையை ஏற்றனர். அவ்வாண்டு அக்டோபர் 13-இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், நீதிபதி ஹேமந்த் குப்தாவும் நீதிபதி சுதான்சு தூலியாவும், மாறுபட்ட தீர்ப்பளித்தனர். அது மாணவியர் பற்றிய வழக்கு. நாம் பேசுவது அலுவலரைப் பற்றி. எனினும் மாணவியர்மீது விழுந்த மழை ஆசிரியைகளையும் நனைத்தது. இடைக்கால ஆணை வந்த நாட்களில், பள்ளி வாயில்களில் ஆசிரியைகளும் நிறுத்தப்பட்டுத் தலைத்துணியைக் களையுமாறு கேட்கப்பட்டனர். அந்த ஆணை மாணவர்க்கே உரியது என்று நீதிமன்றமே பின்னர்ச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரலில், தலைத்துணியை விட மறுக்கும் ஆசிரியைகளைத் தேர்வு மேற்பார்வைப் பணிக்கு அழைப்பதில்லை என்று அன்றைய கல்வி அமைச்சர் பி. சி. நாகேஷ் அறிவித்தார். மாணவிக்கு இல்லாதது ஆசிரியைக்கு எப்படி என்பது அவர் தரப்பு நியாயம். கேட்பதற்குச் செவ்வையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வுக் கூடத்தில் பிள்ளைகளைக் காக்கும் அந்த ஆசிரியை, தலையில் ஒரு முழத் துணி இருப்பதனால் கண்காணிப்பில் எவ்வகையில் தவறுவார் என்பதை எவரும் விளக்கிச் சொல்லக் காணோம்.

இந்த அமளிக்குச் சில திங்கள் முன்பு, அதே உடுப்பி மாவட்டத்தில் மற்றொரு காட்சி நடந்தது. 2021 அக்டோபரில், ஆயுத பூசை, விஜயதசமியையொட்டி, காபு காவல் நிலையத்திலும் வடக்கே விஜயபுராவிலும் காவலர்கள் சீருடை களைந்து, காவியும் வெண்மையுமாக உடுத்து, அணிவகுத்து நின்று படம் எடுத்துக்கொண்டனர். படம் ஊரெங்கும் பரவியது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த சித்தராமையா அதனைக் கண்டித்தார். 2023 மே மாதம் ஆட்சி மாறியபின், துணை முதல்வர் டி. கே. சிவகுமார் உயர் போலீஸ் அதிகாரிகளின் கூட்டத்தில் அதனைச் சுட்டிக் கடிந்துகொண்டார்.

நாம் சொல்ல விழைவது இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே. ஓர் ஆசிரியை தன் தலையில் அணிந்த துணி அவருடையது. அது அவருடைய கடவுளுக்கும் அவருக்கும் உள்ள உறவு. பள்ளிக்கூடம் அதை அணியவில்லை. ஆனால் ஒரு காவல் நிலையம் முழுவதும், தன் தலைவரோடு சேர்ந்து, ஒரே வண்ணம் பூண்டு நிற்கும்போது, அணிவது தனி மனிதர் அல்லர், நிலையமே அணிகிறது. மறுநாள் வழக்குக் கொடுக்க வரும் வேற்றுச் சமயத்தான் எந்தச் சன்னலுக்குப் போவான்? அங்கே இரண்டாம் சன்னல் இல்லையே! அலுவலர் அணியலாம்; அலுவலகம் அணியலாகாது. இதுவே நம் துணிபு.

இதனைத் தமிழ்நாடு 1968-லேயே ஒருவாறு எண்ணிப் பார்த்தது. அறிஞர் அண்ணாவின் ஆட்சியில், அரசாங்க அலுவலகங்களில் கடவுளர் படங்களை நீக்குமாறு சுற்றறிக்கை ஒன்று வந்தது. அது ஊழியரின் நெற்றியைத் தொடவில்லை. சுவரை மட்டுமே தொட்டது. அக்காலத்தில் இதன்மேல் எழுந்த கூச்சல் சிறிதன்று. இன்றும் சுவர்களில் படங்கள் தொங்கத்தான் செய்கின்றன. ஆயுத பூசைக்கு ஜீப்புகள் சந்தனம் பூசிக்கொள்ளத்தான் செய்கின்றன. அலுவலகப் பொரிகடலையை வாங்கித் தின்ற நாமே இதைக் கண்டித்து எழுதுவது நகைப்புக்கு இடமாகலாம். வேண்டுமானால் இப்படிச் சொல்வோம்: பொரிகடலையை எல்லாரும் தின்னலாம், வர விரும்பாதவரை வருகைப் பதிவேடு கேட்கலாகாது. பெங்களூரின் விதான சௌதா முகப்பிலேயே, "அரசாங்கப் பணி கடவுள் பணி" என்னும் பொருள்பட எழுதி வைத்திருக்கிறார்கள். கெங்கல் அனுமந்தையா எழுப்பி 1956-இல் நிறைவெய்திய மாளிகை அது. எந்தக் கடவுள் என்று அங்கே எழுதவில்லை. நம் மனத்திற்கு மிகவும் உகந்தது அதுதான்.

இவ்வேறுபாட்டைத் தலைகீழாகப் பிடித்த நாடும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 2019 ஜூன் மாதம் சட்டம் ஒன்று இயற்றியது. அரசு வழக்கறிஞர், காவலர், அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகியோர் பணியில் சமயச் சின்னம் எதுவும் அணியலாகாது. முன்னமே பணியிலிருந்தோர் அதே பதவியில் நீடிக்கும்வரை விலக்குப் பெற்றனர். 1936 முதல் அம்மாகாணச் சட்டசபைத் தலைவரின் இருக்கைக்கு மேலே சிலுவை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் இயற்றியபின், 2019 ஜூலையில், அதனையும் இறக்கி வைத்தார்கள். சுவரிலிருந்து சிலுவையை இறக்கியது சரியே என்போம். ஆனால் 2021 டிசம்பரில், செல்சி என்னும் ஊரில், தலைத்துணி அணிந்த ஆசிரியை ஒருவர் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டு வேறு வேலைக்கு மாற்றப்பட்டபோது, அவ்வூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளி வேலியில் பச்சை நாடா கட்டித் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். அவர்களுக்குப் பழகிப்போன ஆசிரியை அவர். துணி அவர்கள் கண்ணை உறுத்தவில்லை. சட்டத்தின் கண்ணைத்தான் உறுத்தியது. மாண்ட்ரியாலில் வாழும் ஈழத் தமிழர் வீட்டுப் பெண் ஒருத்தி, திருநீறிட்டு அரசுப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர விரும்பினால், அவளுக்கும் அந்தச் சட்டமே விடை சொல்லும்.

சிங்கப்பூரோ நெடுங்காலம் தயங்கி, 2021 நவம்பர் 1 முதல் பொது மருத்துவமனைகளின் முசுலிம் தாதியர் தலைத்துணி அணிய இசைந்தது. காவற்படைக்கும் இராணுவத்திற்கும் பழைய விதியையே வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், நோயாளியின் படுக்கையருகே முதலில் பழகிப் பார்ப்போம் என்பது போன்ற நடை அது. இலங்கை நேர்மாறான வழியில் இடறியது. 2019-இன் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின், மே இறுதியில், அரச அலுவலகங்களில் பெண் ஊழியர் சேலை அல்லது ஒசரியே உடுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை பிறந்தது. அபாயா உடுத்திப் பல்லாண்டு பணிசெய்த பெண்கள் திகைத்து நின்றனர். கண்டனம் எழவே அதனை மாற்ற நேர்ந்தது. சேலைதானே, நம் உடைதானே என்று எண்ணுவார்க்குச் சொல்லுகிறோம்: விரும்பி உடுத்தால் அது உடை, உத்தியோகம் போய்விடும் என்று உடுத்தால் அது வேறு.

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்டன் நகரசபையின் பஸ்ஸில் வேலை செய்த சீக்கியர் ஒருவர், 1967-இல் தாடியோடும் தலைப்பாகையோடும் வேலைக்கு வந்தமைக்காக வீட்டிற்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுப் போராட்டத்திற்குப் பிறகு, 1969-இல் தடை நீங்கியது. அந்நாளில் அங்கே குடியேறியவர் கேட்டது இவ்வளவே: எங்கள் உழைப்பு வேண்டும், எங்கள் தலை மட்டும் வேண்டாமா? குடிபெயர்ந்து வாழ்வோர்க்கே இதன் வலி புரியும். பெங்களூர்த் தமிழராகிய நமக்கும் புரியும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது, நம் பெரியோர்கள் சுவரிலிருந்த தமிழ் நாட்காட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகினார்கள். குழந்தைகளிடம் வெளியில் "அம்மா" என்று கூப்பிடாதே என்றார்கள். (கன்னடத்திலும் "அம்மா"தான் என்பது அச்சத்தில் மறந்துவிட்டது.) 2016 செப்டம்பரிலும் சில நாட்கள் அவ்வாறே கழிந்தன. தன் அடையாளத்தை ஒளித்துக்கொண்டு வெளியே செல்வது எப்படி இருக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. ஆகவே, பிறர் ஒருவரை நோக்கி, "உன் அடையாளத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வா" என்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்வதற்கு முன் சற்று நிற்க வேண்டும்.

இனி, மூதாட்டியாரின் அச்சத்திற்கு விடை கூறாமல் போவது முறையன்று. சின்னத்தைக் கண்டு மக்கள் ஐயுறுகிறார்கள், சின்னமில்லையேல் ஐயமில்லை, ஆகவே நீக்குக என்பதே மறுதரப்பின் வலிய வாதம். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இவ்வாதத்தின் பளுவை நாம் உணர்கிறோம். வாழ்வும் சாவும் தீர்மானிக்கும் இடம் அது. எனினும் ஒன்றை நினைவூட்டுவோம். 2017-இல் முத்தலாக் வழக்கை ஐந்து நீதிபதிகள் விசாரித்தனர். தலைமை நீதிபதி ஜே. எஸ். கேஹர் சீக்கியர். உடனிருந்தோருள் ஒருவர் கிறித்தவர், ஒருவர் பார்சி, ஒருவர் இந்து, ஒருவர் முசுலிம். ஆகஸ்டு 22-இல் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் தீர்ப்பளித்தனர். அந்த இருவர், சீக்கியராகிய கேஹரும் முசுலிமாகிய நீதிபதி அப்துல் நசீரும். மூவரோ இந்து, கிறித்தவர், பார்சி. எந்தச் சமயக்குறியைக் கொண்டு எவர் இத்தீர்ப்பை முன்கூட்டி ஊகித்திருக்க முடியும்?

ஐயத்தைப் போக்கும் வழி நெற்றியைத் துடைப்பதன்று. சன்னலுக்குப் பின்னால் நடப்பதை யாவரும் காணச் செய்வதே. எந்த விண்ணப்பம் எந்நாளில் வந்தது, எந்நாளில் தீர்ந்தது, மறுக்கப்பட்டால் காரணம் யாது என்று எழுதித் தொங்கவிட்டால், மூதாட்டியார் நெற்றியைப் பார்க்க மாட்டார், பலகையைப் பார்ப்பார். கருநாடகத்தில் 2011-ஆம் ஆண்டின் சகாலா சட்டம், குறித்த நாட்களுக்குள் சேவை தரவேண்டும் என்று இதற்கு ஓரளவு வழி வகுத்திருக்கிறது. ரசீதிலுள்ள எண்ணைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மவர்க்கு இன்னும் போதிய அளவு வரவில்லை. கேட்டால் அலுவலர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம். அடுத்த முறை கேளுங்கள்.

சீருடைப் பணிகளில் அளவும் நிறமும் வகுக்கட்டும். 1957-ஆம் ஆண்டு விதியைப் போலச் சீராக என்று சொல்லட்டும். ஆனால் சீக்கியர்க்கு ஒன்று, முசுலிமுக்கு ஒன்று, தாலிக்கு ஒன்று என்று மூன்று முழக்கோல் வைத்துக்கொள்வது ஆகாது. 2023 நவம்பரில் கருநாடகத் தேர்வு வாரியம், காதில் கருவி மறைத்து விடை கேட்கும் மோசடியைத் தடுக்கத் தலையை மூடும் ஆடைகளைத் தேர்வுக் கூடத்தில் விலக்கியது. தாலியும் மெட்டியும் இருக்கலாம் என்றது. காரணம் நியாயமானதே. இருந்தும், சோதனைக்கு ஒரு மணி முன்னதாக வந்தால் தலைத்துணியும் இருக்கலாம் என்று அமைச்சர் எம். சி. சுதாகர் விளக்கம் கூற நேர்ந்தது. 2025 ஏப்ரலில் பொது நுழைவுத் தேர்வின்போது, சிவமொக்காவிலும் பீதரிலும் மாணவர்களின் பூணூலைக் கழற்றச் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, 2022-இல் "விதி என்றால் விதிதான்" என்றவர்களிற் பலர் தம் குரலை மாற்றிக்கொண்டனர். நாம் அவர்களை ஏளனம் செய்யவில்லை. தன் மேனியில் கை படும்போதுதான் எவர்க்கும் புரிகிறது.

மூதாட்டியாருடன் வியாழக்கிழமை மறுபடியும் சென்றோம். அன்று திருநீறு தரித்தவர் விடுப்பில் இருந்தார். ஒரே சன்னல்தான் திறந்திருந்தது. தலைத்துணி அணிந்த அந்தப் பெண் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, "அஜ்ஜி, இல்லி" என்று விரலால் சுட்ட, மூதாட்டியார் அவ்விடத்தில் கைந்நாட்டு வைத்தார். ரசீது கிடைத்தது. வெளியே வந்தபின் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை; மூன்று மணிக்குத் தண்ணீர் வந்துவிடும், சீக்கிரம் போகவேண்டும் என்றார்.

நம் மாலை வகுப்பில் படிக்கும் வாணியம்பாடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அரசுப் பள்ளி ஆசிரியைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்து வருகிறாள். அவள் தந்தையார்தாம், "ஐயா, உத்தியோகம் கிடைத்தால் இவள் தலைத்துணியோடு பாடம் நடத்த விடுவார்களா?" என்று நம்மிடம் முதலில் கேட்டவர். மேலே எழுதியவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னோம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் விண்ணப்பத்திற்குப் படம் எடுக்க மகளைக் கடைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று துணியோடு, ஒன்று துணியின்றி. எதைக் கேட்பார்களோ தெரியாது என்று, இரண்டையும் ஓர் உறையிலிட்டுப் பாடப் புத்தகத்திற்குள் வைத்திருக்கிறாள்.